சம்பளம் இல்லாத பதவி, கணக்கு உள்ள பொறுப்பு

(புதிய நிர்வாகிகளுக்கான பயிற்சி நாளில், ஏரி மற்றும் மேய்ச்சல் நிலப் பாதுகாப்புச் சங்கத்தின் நிர்வாகக் குழுவினர் பேசியதின் எழுத்து வடிவம்)



நாங்கள் ஒன்பது பேர். எல்லோருமே உங்களைப் போலக் குழுவில் சேமிப்பு கட்டி, தீர்மான நோட்டில் கையெழுத்துப் போட்டு வளர்ந்தவர்கள்தான். எங்களில் நான்கு பேருக்குச் சொந்த நிலம் கிடையாது. இரண்டு பேருக்குக் கையெழுத்து மட்டும்தான் தெரியும். எங்கள் ஊர் ஏரியையும் அதை ஒட்டிய மேய்க்கால் புறம்போக்கையும் பாதுகாக்க 2012-ல் ஒரு சங்கம் பதிவு செய்தோம். அன்று முதல் அதன் நிர்வாகக் குழுவில் மாறி மாறி இருக்கிறோம்.

புதிதாகப் பொறுப்புக்கு வருகிறவர்கள் எங்களிடம் கேட்கும் முதல் கேள்வி, "அக்கா, இதுக்குச் சம்பளம் உண்டா?" என்பதுதான். கேட்பதில் தப்பே இல்லை. கூலி வேலையை ஒரு நாள் விட்டால் அன்றைய அடுப்பு எரிவது கஷ்டம் என்பது நமக்குத் தெரியாதா? ஆனால் பதில் ஒன்றுதான். சம்பளம் கிடையாது. முதல் இரண்டு வருஷம் எங்களுக்கு பஸ் காசு கூடக் கிடையாது. தாலுகா ஆபீசுக்குக் கட்டுச்சோறு கொண்டுபோய், அந்த வேப்பமரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறோம்.

அப்புறம் ஏன் செய்கிறீர்கள் என்று கேட்பீர்கள். அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறோம். செய்ததில் எங்கே தவறினோம் என்பதையும் மறைக்காமல் சொல்லப் போகிறோம்.

பட்டா இல்லாதவளுக்கு எது நிலம்?

பத்து ஏக்கர் வைத்திருப்பவருக்கு ஏரி போனால் போர் போட்டுக்கொள்வார். புறம்போக்கு போனால் தன் வரப்பிலே மாட்டைக் கட்டுவார். ஒரு சென்ட் கூட இல்லாதவள் நான்கு ஆட்டை எங்கே ஓட்டிப்போவாள்? விறகு, கீரை, துடைப்பப்புல், வெள்ளாடு, கோழி எல்லாமே பொது நிலத்தை நம்பித்தான். குடிதண்ணீர்க் கிணறு ஊறுவதும் ஏரியை நம்பித்தான். ஆகவே பட்டா இல்லாத பெண்ணுக்குப் பொது நிலம்தான் நிலம். அது கை மாறிப் போனால் அவளுக்கு நஷ்டஈடு தர எந்தக் காகிதத்திலும் அவள் பெயர் இருக்காது.

2011 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. பஞ்சாப் மாநிலத்தில் ஒரு கிராமத்துக் குளத்தை மேடாக்கி வீடு கட்டிய வழக்கு அது. ஊர்ப் பொது நிலங்களில் உள்ள ஆக்கிரமிப்பை அகற்ற எல்லா மாநில அரசுகளும் திட்டம் வகுக்க வேண்டும் என்று அதில் உத்தரவானது. தமிழ்நாட்டிலே 1905-ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டம் பழையபடி இருக்கிறது. ஏரிகளைப் பாதுகாக்க 2007-ல் தனிச் சட்டமும் வந்தது. சட்டத்துக்குக் குறைவில்லை. ஆனால் சட்டம் தானாக நடந்து ஊருக்குள் வராது. மனுவை எழுதி, நகல் வாங்கி, மறுபடி மறுபடி போய்க் கேட்க ஆள் வேண்டும். அந்த ஆள்தான் சம்பளமில்லாத நிர்வாகி.

ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய பாடம்

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரைப் பாடப் புத்தகத்தில் படித்திருப்போம். குடவோலை முறை! அங்கே பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டிய கல்வெட்டுகள் கோயில் சுவரில் இருக்கின்றன. அதிலே ஏரி வாரியத்துக்கு 6 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர் என்று எழுதியிருக்கிறது. பதவிக் காலம் 360 நாள்.

நாங்கள் பயிற்சிக்குப் போனபோது ஒருவர் அதைப் படித்துக் காட்டினார். எங்களுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. யாரை எடுக்கலாம் என்பதைவிட யாரை எடுக்கக் கூடாது என்பதைத்தான் விரிவாகச் சொல்லியிருக்கிறார்கள். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி வரக் கூடாது. அவருடைய நெருங்கிய சொந்தக்காரர்களும் வரக் கூடாது. எந்தெந்த உறவு என்று பட்டியலே உண்டு. கடந்த மூன்று வருஷத்துக்குள் வாரியத்தில் இருந்தவரும் கூடாது.

ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். அந்தச் சபையில் நாம் இல்லை. சொந்த நிலமும் சொந்த மனையில் வீடும் வேதப் படிப்பும் உள்ள ஆண்களுக்குத்தான் அங்கே இடம். கூலிக்காரருக்கும் இடமில்லை, பெண்ணுக்கும் இடமில்லை. ஆனாலும் அந்த மூன்று விதி நல்ல விதி. கணக்குக் காட்டு. உறவைத் தள்ளி வை. அடுத்தவருக்கு இடம் விடு. இதை நாங்கள் கேட்டுவிட்டு, கை தட்டிவிட்டு வந்துவிட்டோம். எங்கள் ஊரில் அது சோதனையாக வந்தபோதுதான் அதன் எடை தெரிந்தது.

நாங்கள் வாய் மூடிய கதை

2015 நவம்பரில் வட மாவட்டங்களில் கொட்டித் தீர்த்த மழை உங்களுக்கு நினைவிருக்கும். பக்கத்து ஊர் ஏரிகள் எல்லாம் கலங்கல் தாண்டி ஓடின. எங்கள் ஏரி மட்டும் பாதி கூட நிறையவில்லை. காரணம் ஊருக்கே தெரியும். வரத்துக் கால்வாயை ஓரிடத்தில் மண் போட்டு நிரவி, நிலத்தோடு சேர்த்து வாழை வைத்திருந்தார்கள். வைத்தது யார்? எங்கள் பொருளாளர் அக்காவின் கொழுந்தனார்.

அவர் அந்த இடத்தைப் பிடித்து அப்போது ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அதற்குள் நாங்கள் பதினான்கு கூட்டம் போட்டிருந்தோம். மரக்கன்று, காவல்காரர் கூலி, மகளிர் தின விழா என்று எல்லாம் பேசினோம். வாய்க்காலைப் பற்றி ஒரு வார்த்தை தீர்மான நோட்டில் இல்லை. "அக்கா மனசு கஷ்டப்படும்" என்று நாங்கள் நினைத்தோம். "நானே எப்படி எடுப்பேன்" என்று அவர் நினைத்தார். இப்படி ஒன்பது பேரும் நல்ல எண்ணத்திலேயே வாயை மூடிக்கொண்டிருந்தோம்.

ஆனால் அதற்கு ஆறு மாதம் முன்னால், புறம்போக்கில் குடிசைக்குப் பக்கத்தில் வேலி போட்ட ஒரு விதவைப் பெண்ணை நாங்களே போய் வேலியைப் பிரிக்கச் சொல்லியிருந்தோம். அவளும் பிரித்துவிட்டாள். மழை முடிந்த பிறகு நடந்த கூட்டத்தில் அந்தப் பெண் எழுந்து நின்று கேட்டாள்: "என் முள்வேலி உங்க கண்ணுக்குத் தெரிஞ்சுது. அந்த வாழைத்தோப்பு தெரியலையா?"

எங்களால் தலை நிமிர முடியவில்லை. சங்கத்துக்குச் சந்தா கட்டுவதையே பாதிப்பேர் நிறுத்திவிட்டார்கள். மூன்று வருஷம் பாடுபட்டுச் சேர்த்த நம்பிக்கை ஒரே கேள்வியில் போய்விட்டது.

அடுத்த கூட்டத்தில் பொருளாளர் அக்காவே பேசினார். "இந்த விஷயத்துல நான் சொந்தக்காரி. நான் வெளியே உட்கார்றேன். நீங்க எட்டுப் பேரும் முடிவு பண்ணுங்க. நான் வெளியே போனதையும் நோட்டுல எழுதுங்க" என்று சொல்லிவிட்டு, மாதா கோயில் திண்ணையில் போய் உட்கார்ந்தார். நாங்கள் தீர்மானம் போட்டோம். அளக்கக் கோரி மனுக் கொடுத்தோம். சர்வேயர் வந்து புலப்படத்தை வைத்து அளந்து கல் நட்டார். ஏழு மாதம் ஆயிற்று. வாழை வெட்டி முடிந்ததும் கொழுந்தனார் அந்த இடத்தை விட்டார். வாய்க்கால் திறந்தது.

எல்லாம் சுபம் என்று சொல்ல மாட்டோம். அக்கா வீட்டில் அந்த வருஷம் பொங்கலுக்கு யாரும் வரவில்லை. ஓரகத்தி இரண்டு வருஷம் பேசவில்லை. அந்த அக்கா சிந்திய கண்ணீரில் எங்களுக்கும் பங்கு உண்டு. முதல் மாதமே நாங்கள் பேசியிருந்தால் நாலு கூடை மண்ணோடு தீர்ந்திருக்கும். அதே வாய்க்காலில் இன்னொரு இடத்தில் கட்டிய காரை வீடு ஒன்று இன்னும் இருக்கிறது. அந்த மனு இன்னும் முடியவில்லை. ஒவ்வொரு கூட்டத்திலும் அதை முதல் பொருளாக வாசிக்கிறோம், மறந்துவிடக் கூடாது என்பதற்காக.

அதிலிருந்து நாங்கள் கற்றுக்கொண்டது

*ஒன்று: சொந்த லாபம் உள்ள இடத்தில் வெளியே போக வேண்டும்.* இப்போது எங்கள் கூட்டம் தொடங்கும்போதே தலைவி கேட்பார்: "இன்னைக்குப் பேசப்போற விஷயத்துல யாருக்காவது சொந்தம், வரவு, கடன் இருக்கா?" இருந்தால் கை தூக்குவார்கள். வெளியே உட்காருவார்கள். நோட்டில் எழுதுவோம். இதில் அவமானம் ஒன்றும் இல்லை. வெளியே போகிறவரைத் திருடி என்று யாரும் நினைப்பதில்லை, நேர்மையானவர் என்றுதான் நினைக்கிறார்கள். ஊர் என்றால் எல்லோரும் எல்லோருக்கும் உறவுதான். உறவே இல்லாத ஒன்பது பேரைத் தேடினால் சங்கம் நடத்த முடியாது. உறவைச் சொல்லிவிட்டு ஒதுங்கி நிற்பதுதான் வழி.

*இரண்டு: நாம் காவல்காரர், சொந்தக்காரர் அல்ல.* ஏரி அரசுக்குச் சொந்தம். ஆயக்கட்டு 100 ஏக்கருக்கு மேல் இருந்தால் நீர்வளத் துறை பார்க்கும். அதற்குக் குறைந்தால் ஊராட்சி ஒன்றியம் பார்க்கும். சங்கம் பதிவு பண்ணிவிட்டோம் என்பதால் ஏரி நம்முடையது ஆகிவிடாது. ஒரு தடவை செங்கல் சூளைக்காரர் ஒருவர் வந்தார். திருவிழாவுக்கு நன்கொடை தருகிறேன், நூறு லோடு மண் எடுக்க ஒப்புதல் எழுதிக் கொடுங்கள் என்றார். எங்களில் சிலருக்கு ஆசைதான். சங்க விதிப் புத்தகத்தை எடுத்துப் படித்தோம். மண் எடுக்க அனுமதி கொடுக்கும் அதிகாரம் நமக்கு இல்லவே இல்லை. இல்லாத அதிகாரத்துக்குக் காசு வாங்கினால் அதற்குப் பெயர் நன்கொடை இல்லை. அவரைத் திருப்பி அனுப்பினோம்.

*மூன்று: குழு வேறு, இந்தச் சங்கம் வேறு.* குழுவில் வட்டி வருமானத்தை உறுப்பினர்கள் பங்கு போட்டுக்கொள்ளலாம், அது நம் சேமிப்பு. லாப நோக்கமில்லாத சங்கத்தில் மிச்சம் வந்தாலும் ஒரு பைசா பங்கு கிடையாது. மிச்சம் வரக் கூடாது என்று அர்த்தம் இல்லை. வந்தால் அது அடுத்த வருஷத்து மரக்கன்றுக்கும், மதகு ஓரம் கரை பலப்படுத்தவும் போக வேண்டும். பஸ் காசு, நகல் எடுத்த காசு இவற்றை ரசீது வைத்து வாங்கலாம். இப்போது நாங்களும் வாங்குகிறோம். செலவைத் திரும்ப வாங்குவது சம்பளம் ஆகாது. ஆனால் ரசீது இல்லாமல் வாங்கினால் அது சம்பளத்தைவிட மோசம்.

*நான்கு: வழி காட்டுவது வேறு, வேலை வாங்குவது வேறு.* எங்கள் மேய்ச்சல் நிலத்துக்கு ஒரு காவல்காரர் இருக்கிறார். அவருக்குக் கூலி உண்டு. ஆரம்பத்தில் ஒன்பது பேரும் ஒன்பது விதமாக அவருக்கு உத்தரவு போட்டோம். ஒருவர் ஆட்டை விடு என்பார், இன்னொருவர் ஏன் விட்டாய் என்பார். அந்த மனுஷன் கோலைப் போட்டுவிட்டுப் போய்விட்டார்! பிறகுதான் புரிந்தது. எந்தப் பக்கம் எத்தனை மாதம் ஆடு மாடு விடாமல் புல் வளர்க்கணும் என்று கூட்டம் போட்டு முடிவு செய்வது நிர்வாகக் குழு. அதை அவரிடம் சொல்வது செயலாளர் ஒருவர் மட்டும். நடந்ததா என்று மாதம் ஒரு தடவை எல்லோரும் நடந்து போய்ப் பார்ப்பது மறுபடி நிர்வாகக் குழு.

*ஐந்து: காகிதம் பேசணும்.* உங்கள் ஊர் 'அ' பதிவேட்டில் எந்தப் புல எண் ஏரி, எது மேய்க்கால், எது வாய்க்கால் என்று எழுதியிருக்கும். புலப்படத்தில் அளவு இருக்கும். முதலில் அந்த நகலை வாங்கி வையுங்கள். சண்டை வந்த பிறகு வாங்கினால் அது சண்டைக் காகிதம். முன்னாடியே வாங்கினால் அது ஊர்க் காகிதம்.

*ஆறு: நாற்காலியை விட்டு எழுந்திருக்கணும்.* தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன்படி சங்கம் தொடங்கக் குறைந்தது ஏழு பேர் வேண்டும். வருஷம் ஒரு பொதுக்குழு, தணிக்கை, பதிவாளர் அலுவலகத்தில் தாக்கல் எல்லாம் தவறாமல் நடக்க வேண்டும். நாங்கள் வருஷத்துக்கு மூன்று பேர் இறங்கி மூன்று பேர் ஏறுகிற மாதிரி வைத்திருக்கிறோம். இறங்கினவர் உடனே மறுபடி ஏறக் கூடாது, ஒரு வருஷம் சும்மா இருக்கணும். இதனால் பழகினவரும் இருப்பார்கள், புதியவரும் வருவார்கள்.

நமக்கு முன்னே நடந்தவர்கள்

கென்யா நாட்டில் வங்காரி மாத்தாய் என்ற அம்மா இருந்தார். 1977-ல் ஏழு மரக்கன்று நட்டு ஓர் இயக்கத்தைத் தொடங்கினார். கிராமத்துப் பெண்கள்தான் நாற்றுப் போட்டார்கள். வனத்துறைப் படிப்பு எதுவும் இல்லாமல், பார்த்தும் பழகியும் கற்றுக்கொண்டார்கள். அங்கே ஒரு விதி. நட்டதற்குக் காசு கிடையாது. பிழைத்து நின்ற கன்றுக்குத்தான் சிறு தொகை. விழா எடுத்து நட்டுவிட்டுப் போகிற பழக்கத்துக்கு அது நல்ல மருந்து! 1989-ல் தலைநகர் நைரோபியில் பொதுப் பூங்காவில் 60 மாடிக் கட்டடம் கட்ட ஆளுங்கட்சி முனைந்தபோது அவர் எதிர்த்து நின்றார். ஏச்சும் மிரட்டலும் வந்தன. கட்டடம் வரவில்லை, பூங்கா நின்றது. 2004-ல் அவருக்கு அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. 2011-ல் மறைந்தார்.

நம் பக்கம் மதுரை மாவட்டம் அரிட்டாபட்டியைப் பாருங்கள். ஏழு குன்று, ஏரிகள், சுனைகள், பழைய குடைவரைக் கோயில் உள்ள ஊர். 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். 2024-ல் அந்தப் பகுதியைச் சேர்த்து டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டார்கள். சுற்று வட்டாரக் கிராம சபைகளில் தீர்மானம் போட்டார்கள். பெண்கள் கைக்குழந்தையோடு வந்து நின்றார்கள். டிசம்பரில் சட்டமன்றத்திலும் தீர்மானம் வந்தது. 2025 ஜனவரி 23 அன்று மத்திய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்தது. ஊர்க்காரர்களுக்கு யாரும் சம்பளம் கொடுக்கவில்லை. அவர்களிடம் இருந்தது ஊர் ஒற்றுமை, கிராம சபை, எழுத்தில் போட்ட தீர்மானம்.

கிராம சபையை லேசாக நினைக்காதீர்கள். இப்போது வருஷத்தில் ஆறு நாள் நடக்கிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அதில் மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம். நம் ஏரியைப் பற்றிப் பேச அதைவிட நல்ல நாள் ஏது?

இந்த மாதம் செய்ய வேண்டியவை

ஊருக்குத் திரும்பியதும் பெரிதாக ஒன்றும் வேண்டாம். நான்கு வேலை போதும்.

1. குழுக் கூட்டத்தில் பத்து நிமிடம் ஒதுக்கி, நம் ஊரில் பொது நிலம் எதெல்லாம் என்று வயதான அம்மாக்களிடம் கேட்டு எழுதுங்கள். வாய்க்கால் போன வழி அவர்களுக்குத்தான் தெரியும்.

2. 'அ' பதிவேடு நகலுக்கும் புலப்படத்துக்கும் விண்ணப்பம் கொடுங்கள். ஒருவராகப் போகாதீர்கள், மூன்று பேராகப் போங்கள்.

3. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரையைச் சுற்றி நடங்கள். மதகு, கலங்கல், வரத்துக் கால் மூன்றையும் பாருங்கள். பார்த்ததை நோட்டில் எழுதுங்கள், யார் மேலும் கோபப்படாமல்.

4. யாருடைய ஆக்கிரமிப்பையாவது எடுக்கச் சொல்வதற்கு முன்னால், நிர்வாகிகளாகிய நம் வீட்டு வரப்பை முதலில் அளந்து பாருங்கள்.

நான்காவதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம். அதனால்தான் கடைசியில் சொன்னோம்.

அந்த முள்வேலிப் பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லி முடிக்கிறோம். அவர் இப்போது எங்கள் பொருளாளர். இன்று எங்களோடு வரவில்லை. ஏன் என்று கேட்டோம். "தணிக்கைக்கு ரசீது அடுக்கணும், நீங்க போய்ட்டு வாங்க. பஸ் டிக்கெட்டைத் தொலைச்சிடாதீங்க" என்றார். நாங்கள் ஒன்பது பேரில் இங்கே எட்டுப் பேர்தான் நிற்கிறோம். டிக்கெட் எட்டும் பத்திரமாகப் பையில் இருக்கிறது.

ஏரி நிறையட்டும், கணக்கு நேராகட்டும்.